தானே உயரும் ஊஞ்சல்

மயிலாப்பூரின் பழைய வீடுகளில், கூடத்து உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பலகை ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டுக் கையை எடுத்தால், அது மெல்ல மெல்ல அடங்கி நின்றுவிடும். தள்ளுவார் இல்லாமலே வீச்சு கூடிக்கொண்டே போகும் ஊஞ்சலை யாரும் பார்த்ததில்லை. ஆனால் சென்னையில் நான் கணினி இயற்பியல் நடத்தும் முதுகலை வகுப்பில், ஆண்டுதோறும் முதல் லேப் அன்று, பெரும்பாலான திரைகளில் அப்படிப்பட்ட ஊஞ்சல்தான் ஆடும். புரோகிராமில் எங்கோ பிழை இருக்கிறது என்று மாணவர்கள் அரைமணி நேரம் தேடுவார்கள். தட்டச்சில் பிழை எதுவும் இராது.

இயற்கையில் காலம் இடைவிடாமல் ஓடுகிறது. கணினியோ அதைச் சிறு படிகளாக வெட்டித்தான் கணக்கிட முடியும். கணக்கு எளிதாக இருக்க, சிறு வீச்சில் ஆடும் ஊஞ்சலின் கோண அதிர்வெண்ணை (ஆட்டத்தின் விரைவைக் குறிக்கும் எண்) 1 என்றும், தொடக்க இடப்பெயர்ச்சியை 1 என்றும், திசைவேகத்தைச் சுழி என்றும், ஒரு காலப்படியை 0.1 என்றும் கொள்வோம். அப்போது முடுக்கம் இடப்பெயர்ச்சிக்குச் சமமாக, எதிர்த்திசையில் இருக்கும்; ஆற்றல், இடம், வேகம் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு விகிதசமமாக இருக்கும். மாணவர்கள் முதலில் எழுதும் எளிய வழியான ஆய்லர் முறையில், படியின் தொடக்கத்தில் இருந்த பழைய மதிப்புகளைக் கொண்டே புதிய இடமும் புதிய வேகமும் கணக்கிடப்படுகின்றன. முதல் படி முடிந்ததும் இடம் 1 ஆகவே நிற்கிறது, வேகம் மட்டும் -0.1 ஆகிறது. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால் 1.01; அதாவது ஒரே படியில் ஆற்றல் 1 விழுக்காடு கூடிவிட்டது. ஒவ்வொரு படியிலும் இதே கதைதான். ஒரு முழு ஆட்டத்துக்கு 2π, அதாவது சுமார் 6.28 அலகு காலம், சுமார் 63 படிகள் ஆகும் என்பதால், ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் ஆற்றல் 1.87 மடங்காகிவிடுகிறது. படியைச் சிறிதாக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். படியை 0.01 ஆகக் குறைத்தாலும் ஒரு முழு ஆட்டத்துக்கு ஆற்றல் ஆறரை விழுக்காடு ஏறத்தான் செய்கிறது.

மாற்று வழி மிகச் சிறியது. முதலில் வேகத்தைப் புதுப்பித்துவிட்டு, அந்தப் புதிய வேகத்தைக் கொண்டே இடத்தைப் புதுப்பிக்க வேண்டும். புரோகிராமில் இரண்டு வரிகள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். ஒரு பள்ளி மாணவி இப்படித் தற்செயலாக வரிகளை மாற்றி எழுதியதிலிருந்தே இயற்பியலாளர் ஆலன் குரோமர் 1981-இல் இம்முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார் என்பதை வகுப்பில் சொன்னால், பின்வரிசையில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது முதல் படியில் வேகம் -0.1, இடம் 0.99. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 0.9901 ஆகக் குறைந்தாலும், அதிலிருந்து இடம், வேகம், காலப்படி மூன்றின் பெருக்கலைக் கழித்துப் பாருங்கள்: மிகச் சரியாக 1 வரும். எத்தனை படிகள் கடந்தாலும் இந்த எண் மாறுவதில்லை. ஆகவே ஆற்றல் ஐந்து விழுக்காட்டளவில் ஏறி இறங்கினாலும் தறிகெட்டுப் போவதில்லை. காரணம் வடிவியலில் இருக்கிறது: இடத்தைக் கிடை அச்சிலும் வேகத்தைக் குத்தச்சிலும் குறித்து, அந்தத் தளத்தில் ஒரு சிறு திட்டு வரைந்தால், புதிய முறை அத்திட்டை நீட்டும், சாய்க்கும், ஆனால் அதன் பரப்பைக் கூட்டாது, குறைக்காது. உண்மையான ஊஞ்சலும், உராய்வு இல்லையென்றால், அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆய்லர் முறையோ படிக்கு 1 விழுக்காடு பரப்பைக் கூட்டுகிறது. 1967-இல் இயற்பியலாளர் லூப் வெர்லே 864 அணுக்களின் இயக்கத்தைக் கணினியில் தொடர்ந்தபோது கையாண்ட முறையும் பரப்பைக் காக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஒவ்வொரு படியிலும் மாறுவீதத்தை நான்கு முறை கணக்கிட்டுச் சராசரி எடுக்கும், பாடநூல்கள் பெரிதும் போற்றும் நான்காம் வரிசை ரங்கே-குட்டா முறையைப் பயன்படுத்தலாமே என்று கேட்கும் மாணவர் கெட்டிக்காரர். படி 0.1 என்றால் அது மிகத் துல்லியமானது. பத்து இலட்சம் படிகளுக்குப் பின்னரே 1.4 விழுக்காடு ஆற்றல் குறையும். ஆனால் அவசரத்தில் படியை 0.5 என்று வைத்து ஆயிரம் படிகள் ஓட்டினால் 19 விழுக்காடு காணாமல் போகிறது. எனக்கு இதுதான் ஆய்லரைவிட ஆபத்தானதாகத் தோன்றுகிறது. உத்தரத்தை நோக்கி ஏறும் ஊஞ்சலைக் கண்டு எவரும் ஐயப்படுவர். மெல்ல அடங்கும் ஊஞ்சலைக் கண்டு ஐயப்படுவார் இல்லை. சென்ற பருவத்தில் ஒரு மாணவர் தம் ரெக்கார்டு நோட்டில் அப்படி அடங்கும் ஊஞ்சலின் வரைபடத்தை அழகாக ஒட்டி, அதன் கீழே, "காற்றின் உராய்வால் வீச்சு குறைகிறது" என்று எழுதியிருந்தார். அவருடைய புரோகிராமில் காற்றே இல்லை.