துப்பாக்கிக் குழல் வழியே பார்க்கும் கண் யாருடையது?

ஜேம்ஸ் பாண்ட் படம் தமிழில் டப் ஆகி டிவியில் ஓடினால், மறுநாள் எங்கள் மதுரை சிம்மக்கல் டீக்கடையில் ஒரு வாக்குவாதம் உறுதி. கதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கதைக்கு முன்னால் வரும், அரை நிமிடம்கூட நீடிக்காத அந்தத் தொடக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் இடமிருந்து வலமாக ஓடும். கடைசிப் புள்ளி விரிந்து வட்டமாகும். சுற்றிலும் சுருள் சுருளாக உலோகச் சுவர், நடுவில் கோட் சூட் போட்ட ஒரு ஆள் நடந்து வருவார். சட்டென்று நம் பக்கம் திரும்பிச் சுடுவார். மேலிருந்து ரத்தம் வழியும், வட்டம் தள்ளாடும்.

"அது கேமரா ஷட்டர்ண்ணே. உளவாளிய எவனோ ஒளிஞ்சு படம் பிடிக்கிறான்."

"ஷட்டர்னா எதுக்குடா ரத்தம் வருது? அது துப்பாக்கி பேரல்."

"பேரல்னா பின்னாடி தோட்டா இருக்கும்ல? அப்புறம் கண்ண எங்க வைப்பான்?"

மூன்றாவது ஆளின் கேள்விதான் எனக்குப் பிடித்தது. முதல் இரண்டு பேரின் சண்டையைத் தீர்ப்பது எளிது. அது துப்பாக்கிக் குழலேதான். 1962-இல் வந்த 'டாக்டர் நோ' படத்துக்காக மாரிஸ் பைண்டர் என்ற டைட்டில் வடிவமைப்பாளர் உருவாக்கியது. அவர் எடுத்துக்கொண்டது .38 காலிபர் (காலிபர் என்பது குழலின் விட்ட அளவு) துப்பாக்கியின் குழல். திரையில் ஓடும் வெள்ளைப் புள்ளிகளுக்காக, காட்சியை முன்கூட்டியே வரைந்த ஓவியத்தில் அவர் ஒட்டிக் காட்டியவை, கடைகளில் பொருள்மேல் ஒட்டும் வெள்ளை விலைச் சீட்டுகள். ஆனால் கண்ணை எங்கே வைப்பது என்ற சிக்கல் பைண்டருக்கும் வந்தது. அதைத் தீர்த்த விதத்தில்தான் இந்தக் காட்சியின் அறிவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

குழலுக்குப் பின்னால் சாதாரண கேமராவை வைத்துப் பார்த்தார். குழல் முழுவதும் தெளிவாக விழவில்லை. காரணம் லென்ஸின் இயல்பு. ஒரு பொருளின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, லென்ஸின் முழு அகலத்திலும் விரிந்து விழுகிறது. லென்ஸ் அதை வளைத்து மறுபடி ஒரு புள்ளியாகக் கூட்டுகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும் பொருளுக்குத்தான் அந்தக் கூட்டல் ஃபிலிம்மேல் சரியாக முடியும். அதைவிட அருகில் இருப்பதும் தள்ளி இருப்பதும் புள்ளியாக விழாமல் சிறு வட்டாகப் பரவும். மங்கல் என்று நாம் சொல்வது அந்த வட்டைத்தான். இங்கே குழலின் பின்விளிம்பு கேமராவிலிருந்து 2 சென்டிமீட்டரில், முன்விளிம்பு 12 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதைவிட ஆறு மடங்கு தூரம். ஒளி நுழையும் திறப்பான அப்பர்ச்சரை எவ்வளவு சுருக்கினாலும் சாதாரண லென்ஸால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை.

பைண்டர் லென்ஸையே தூக்கிப் போட்டுவிட்டு ஊசித்துளை கேமராவுக்குப் போனார். குழல் பளிச்சென்று விழுந்தது.

ஊசித்துளை எப்படிப் படம் காட்டும் என்பதை மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. 2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணம் நினைவிருக்கிறதா? திண்டுக்கல் பக்கம் சூரியன் வளையமாகவே தெரிந்தது. அன்று மரத்தடிகளில் தரையெங்கும் பிறை பிறையாக வெளிச்சம் விழுந்தது. இலைகளுக்கு நடுவே உள்ள சின்னச் சின்ன இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு கேமராவாகி, பிறையாகிவிட்ட சூரியனைத் தரையில் படம் பிடித்தன. கிரகணம் இல்லாத நாளிலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. வேப்ப மரத்தடியில் விழும் வட்ட வட்டமான வெளிச்சம் ஒவ்வொன்றும் சூரியனின் படம். இடுக்கு கோணல்மாணலாக இருந்தாலும் வெளிச்சம் வட்டமாக விழுவது அதனால்தான். 5 மீட்டர் உயரத்தில் உள்ள இடுக்கு, தரையில் சுமார் நாலரை சென்டிமீட்டர் அகலச் சூரியனைக் காட்டும்.

ஊசித்துளை எதையும் வளைப்பதில்லை, கூட்டுவதுமில்லை. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு மெல்லிய ஒளிக்கற்றையை மட்டும் உள்ளே விடுகிறது. அது நேராகப் போய் எங்கே விழுகிறதோ அங்கே அந்தப் புள்ளியின் படம். ஃபோகஸ் என்ற சமாச்சாரமே இல்லை. 20 சென்டிமீட்டரில் இருப்பதும் 20 மீட்டரில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே தெளிவில் விழும், மிக அருகில் இருப்பது மட்டும் சற்று மங்கும்.

அப்படியானால் துளையைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் தெளிவு கூடிக்கொண்டே போகுமா? போகாது. ஒளி ஓர் அலை. மிகச் சிறிய துளை வழியே நுழையும் அலை, நுழைந்த பிறகு விசிறி போல் பரவும். பள்ளிப் புத்தகத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது இதுதான். துளை பெரிதானால் கற்றை தடித்து மங்கல். துளை சிறிதானால் அலை பரவி மங்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல அளவு இருக்கிறது. துளைக்கும் ஃபிலிமுக்கும் 50 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அந்த அளவு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்.

இதற்குக் கொடுக்கும் விலை வெளிச்சம். 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 22 என்ற மிகச் சிறிய திறப்பு வரை சுருக்கினால்கூடத் துளை 2.3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 0.3 மில்லிமீட்டர் துளை அதில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடும். நடந்து வரும் மனிதரை இப்படிப் பிடிப்பது பெரும்பாடு. ஆனால் குழல் நடக்கப்போவதில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வெளிச்சத்தை உள்ளே விடலாம். ஆளைத் தனியே எடுத்து, ஆப்டிக்கல் பிரின்டர் என்ற இயந்திரத்தில் இரண்டு படங்களையும் ஒரே ஃபிலிமில் சேர்ப்பது அன்றைய வழக்கம்.

இனி அந்தச் சுருள். பலருக்கு அது ஷட்டரின் இதழ்களாகத் தெரிவது நியாயம்தான். உண்மையில் அது குழலின் உட்சுவரில் வெட்டப்படும் ரைஃப்ளிங் பள்ளங்கள். திருகாணியின் மரை போல அவை சுவரில் சுற்றிக்கொண்டே போகும். தோட்டா அவற்றில் பிடித்துக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். சுழலும் பொருள் தன் அச்சை எளிதில் விட்டுக்கொடுக்காது என்பதால், காற்றில் குட்டிக்கரணம் அடிக்காமல் நேராகப் போகும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் .38 துப்பாக்கிகளில் 18.75 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. தோட்டா நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் போனால், நொடிக்குச் சுமார் 480 தடவை சுழல்கிறது.

ஆனால் அந்தத் துப்பாக்கியின் 4 அங்குலக் குழலுக்குள் பள்ளம் சுற்றுவது 77 டிகிரிதான், கால் வட்டத்துக்கும் குறைவு. பிறகு ஏன் இவ்வளவு அழகான சுழலாகத் தெரிகிறது? தொலைவில் உள்ளது சிறிதாகத் தெரிவதால்தான். குழலின் ஆழத்தில் இருக்கும் பகுதியெல்லாம் படத்தின் நடுவை நோக்கி நெருக்கி அடிக்கப்படுகிறது. கண் 2 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், வெளி விளிம்பிலிருந்து மையத்துக்குப் பாதி வழி வரும்வரை பள்ளம் 15 டிகிரிதான் திரும்பியிருக்கும். மீதி 62 டிகிரியும் உள்வட்டத்தை ஒட்டிய சிறு பட்டைக்குள் திணிக்கப்படும். வெளியே ஏறக்குறைய நேர்க்கோடாகத் தொடங்கி, உள்ளே போகப் போக வேகமாக வளையும் இந்தக் கோட்டுக்குக் கணிதத்தில் அதிபரவளையச் சுருள் என்று பெயர். எந்த ஓவியரும் யோசித்து வரைந்ததல்ல, குழலின் அச்சில் கண்ணை வைத்தால் தானாக வந்து விழும் வடிவம். எனக்கு இந்தக் காட்சியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இன்னொரு தகராறும் இதிலேயே தீரும். குழலைப் பின்னாலிருந்து பார்க்கிறோமா, முன்னாலிருந்தா என்பதைச் சுருளின் திசையை வைத்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு கட்சி வாதாடும். சொல்ல முடியாது. வலச்சுற்றுத் திருகை எந்த முனையிலிருந்து பார்த்தாலும் வலச்சுற்றுதான். முன்னும் பின்னும் மாற்றினால் திசை மாறாது, கண்ணாடியில் பார்த்தால்தான் மாறும். வேண்டுமானால் சுருளின் திசையை வைத்துத் துப்பாக்கி எந்த வகை என்று ஊகிக்கலாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஐந்து பள்ளம், வலச்சுற்று. கோல்ட் நிறுவனத்தின் .38-இல் ஆறு பள்ளம், இடச்சுற்று. தடயவியல் ஆய்வகங்களில் தோட்டாவின் கீறலைப் பார்த்துத் துப்பாக்கியை அடையாளம் காணத் தொடங்குவதும் இந்தக் கணக்கிலிருந்துதான்.

சரி, கண் எங்கே? குழலின் உள்விட்டம் 9 மில்லிமீட்டர், நீளம் 102 மில்லிமீட்டர். கண்ணைப் பின்விளிம்பிலேயே வைத்தால் தெரியும் உலகம் 5 டிகிரி அகலம்தான். அந்த வட்டத்துக்குள் 1.8 மீட்டர் உயர ஆள் தலை முதல் கால்வரை தெரிய வேண்டுமானால் அவர் 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மனிதக் கண்ணுக்கும் லென்ஸ் உண்டு, ஆகவே 20 மீட்டரில் இருக்கும் ஆளைக் கூர்ந்தால் குழல் கலங்கிவிடும், குழலைக் கூர்ந்தால் ஆள் கலங்குவார். தோட்டாவும் சுத்தியலும் இருக்க வேண்டிய இடத்தில் கண் இருக்க முடியாது என்பது வேறு.

திரையை இன்னும் உற்றுப் பாருங்கள். ஆள் வலமிருந்து இடமாக நடக்க, குழலின் வட்டமும் அவரோடு திரையில் நகர்கிறது. கண் குழலோடு ஒட்டியிருந்தால் குழல் எப்போதும் திரையின் நடுவில்தான் இருக்கும், பின்னணிதான் நகரும். கண் அசையாமல் நின்று குழல் மட்டும் நகர்ந்தால், உட்சுவர் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரியும். இரண்டும் நடக்கவில்லை. ரத்தமும் அப்படித்தான். குழலின் சுவரில் வழியும் திரவம் வளைவைப் பிடித்துக்கொண்டு அடியில் சேரும். இங்கேயோ திரைச்சீலை இறங்குவது போல வெள்ளை வட்டத்தையும் சேர்த்து மூடுகிறது. ஆள் ஓர் அடுக்கு, குழல் ஓர் அடுக்கு, ரத்தம் ஓர் அடுக்கு. கொலையாளியின் கண் என்று கதைக்காகச் சொல்லலாம், ரத்தம் அவனுடையது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இப்படி ஒரு பார்வை எந்த மனிதனுக்கும் வாய்க்காது. அது ஊசித்துளையின் பார்வை.

அந்த முதல் மூன்று படங்களில் நடந்து வருபவர் பாண்டாக நடித்த ஷான் கானரி அல்ல என்பது பல ரசிகர்களுக்கு இன்றும் வியப்பு. அவர் பாப் சிம்மன்ஸ் என்ற சண்டைக் கலைஞர். தலையில் தொப்பி, உருவம் சிறியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 1965-இல் 'தண்டர்பால்' அகலத் திரைக்கு மாறியதும் பழைய படம் பொருந்தவில்லை, கானரியையே வைத்து மறுபடி எடுத்தார்கள். பின்னால் பாண்டாக நடித்த ரோஜர் மூருக்கும் 1973-இல் ஒரு முறை, படம் மீண்டும் அகலமானபோது 1977-இல் இன்னொரு முறை எடுக்க வேண்டியிருந்தது. அகலத் திரை ஃபிலிமில் படம் பக்கவாட்டில் பாதியாக நெருக்கப்பட்டிருக்கும், வட்டம் அதில் நெட்டுக்குத்தான முட்டையாக இருக்கும். தியேட்டரில் ஸ்கோப் லென்ஸ் அதை விரித்து மறுபடி வட்டமாக்கும். மதுரையின் பழைய ஆபரேட்டர்களுக்கு இது கைவந்த விஷயம். லென்ஸ் மாற்ற மறந்தால் ஹீரோ முகம் நீண்டதைவிட, வட்டம் முட்டையானதைத்தான் ஜனங்கள் முதலில் கண்டுபிடித்துக் கத்துவார்கள்.

பைண்டர் 1991-இல் காலமானார். 1995-இல் டைட்டில் வடிவமைத்த டேனியல் க்ளைன்மன் குழலைக் கணினியில் வரைந்தார். அதனால் குழல் நகரும்போது பள்ளங்களின்மேல் ஒளியும் நகர்கிறது, அசையாப் படத்தால் இது முடியாது. ஆழம் கூடியதை மறுக்க மாட்டேன். என்றாலும் 1962-இன் அந்தச் சற்றே கரடுமுரடான உலோகத்தில் ஒரு உண்மை இருக்கிறது, எனக்கு அதுதான் நெருக்கம். 2008-லும் 2012-லும் இந்தக் காட்சியைப் படத்தின் கடைசிக்குத் தள்ளியது எனக்குச் சம்மதமில்லை. விளக்கு அணைந்ததும் அரங்கை ஒரே கண்ணாக்குவது அதன் வேலை, வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அது எதற்கு? 2015-இல் மறுபடி முன்னால் கொண்டுவந்தார்கள். 2021-இல் முன்னால்தான் வந்தது, ரத்தம் மட்டும் இல்லை.

இதை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். ஹார்டுவேர் கடையில் உள்விட்டம் 12 அல்லது 13 மில்லிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் குழாயை 14 சென்டிமீட்டருக்கு வெட்டி வாங்குங்கள். அதே நீளத்தில், 4 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தாள். அதில் நீளவாட்டில் ஐந்து நேர்க்கோடுகள், ஒவ்வொன்றும் மறுமுனைக்குப் போவதற்குள் 8 மில்லிமீட்டர் சாயும்படி. கோடு உட்பக்கம் வருமாறு தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் நுழையுங்கள், நேர்க்கோடுகள் தாமாகவே ரைஃப்ளிங் ஆகிவிடும். பரோட்டா பார்சலில் வரும் சில்வர் பேப்பரைத் துடைத்து, மெல்லிய ஊசியின் நுனியால் மட்டும் ஒரு துளையிட்டு, மொபைல் கேமராமேல் துளை நடுவில் வருமாறு ஒட்டுங்கள். தெப்பக்குளக் கரையில் நண்பரை 20 மீட்டர் தள்ளி நிறுத்தி, குழாய் வழியே சில்வர் பேப்பர் இல்லாமல் ஒரு படம், அதோடு ஒரு படம், இரண்டிலும் ஃபோகஸ் நண்பர்மேல். ஜூமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் படத்தில் குழாயின் கோடுகள் கரைந்து கிடக்கும், இரண்டாவதில் தூர விளிம்புவரை கோடு கோடாக நிற்கும். கேமராவை ஒட்டிய பக்கம் மட்டும் சற்று மங்கலாக இருக்கும், துளையை இன்னும் குறுக்கினால் அதுவும் குறையும். ஆனால் அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், மாலை ஐந்துக்கு மேல் போனால் படம் இருண்டுவிடும். காலை பத்து மணி வெயிலில் போங்கள்.