அலைவுக்காலம்: கடலோரப் பிள்ளைகள் விட்டுவிடக் கூடாத சொல்

பத்தாம், பதினொன்றாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அலை வளைகோட்டை எல்லாரும் அழகாக வரைந்துவிடுவார்கள். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு, அதாவது அலை உச்சிகளுக்கு, இடையில் இருப்பது என்ன என்று கேட்டால், "அலைநீளம் சார்" என்று வகுப்பே சொல்லும். கிடை அச்சை யாரும் பார்ப்பதில்லை. அங்கே மீட்டர் இருந்தால்தான் அலைநீளம். விநாடி இருந்தால் அது அலைவுக்காலம், அதாவது ஒரு முகடு வந்து அடுத்த முகடு வர ஆகும் நேரம்.

மதிப்பெண் போனால் போகட்டும். சுனாமியில் இந்தக் குழப்பம் உயிரையே வாங்கும்.

கரையில் நின்று வாட்சைப் பார்த்தால், சாதாரண அலை பத்து விநாடிக்கு ஒன்று வரும். சுனாமியில் ஒரு முகட்டுக்குப் பின் அடுத்தது வர அரை மணி நேரம்கூட ஆகும். ஆழ்கடலில் அதன் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 200 மீட்டர். அதை 1,800 விநாடியால் பெருக்குங்கள்: அலைநீளம் 360 கி.மீ. வீச்சோ, அதாவது சாதாரண நீர்மட்டத்துக்கு மேல் முகட்டின் உயரமோ, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். படகில் இருப்பவருக்கு அலை கடந்து போனதே தெரியாது.

கரையோரம், 10 மீட்டர் ஆழத்தில், வேகம் விநாடிக்கு 10 மீட்டராகக் குறைகிறது. அதிர்வெண், அதாவது ஒரு விநாடியில் கடக்கும் அலைகளின் எண்ணிக்கை, மாறாது, அதனால் அலைவுக்காலமும் அதே அரை மணிதான். அலைநீளம் 18 கி.மீ. ஆகச் சுருங்க, வீச்சு எகிறுகிறது. முகட்டுப் பகுதி மட்டுமே சுமார் கால் மணி நேரம் ஊருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும்.

கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடல்தரை மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக்கு முதலில் அகடு, அதாவது அலையின் தாழ்ந்த பகுதி, போனது, கடல் உள்வாங்கியது. இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் முகடுதான் முதலில் வந்தது. அப்புறம்தான் அகடு. இலங்கையில் பல இடங்களில் முதல் அலை வடிந்ததும், வெளியே தெரிந்த கடல்தரையைப் பார்க்க மக்கள் இறங்கிப் போனார்கள். இரண்டாவது அலை அதைவிடப் பெரிதாக வந்தது.

ஆகவே பிள்ளைகளே, முதல் அலை வடிந்ததும் பொருள் எடுக்கவோ வேடிக்கை பார்க்கவோ கீழே இறங்காதீர்கள். அடுத்த முகடு அரை மணி கழித்தும் வரலாம், பல மணி நேரத்துக்கு வந்துகொண்டே இருக்கலாம். ஆபத்து நீங்கியது என்று அதிகாரிகள் அறிவிக்கும்வரை மேட்டிலேயே இருங்கள்.