வாரம் ரெண்டு தண்ணி லாரி

"அவளுக்குத் தண்ணீர் குறையக் கூடாதுன்னு வாரம் ரெண்டு லாரி சொல்லிட்டேன் டாக்டர்" என்றார் மடிப்பாக்கத்திலிருந்து வந்த கணவர். குரலில் பெருமை. பக்கத்தில் மனைவி, வெடித்துச் சிவந்த கைகளை முந்தானைக்குள் மறைத்தபடி. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) இந்த மாதம் இப்படி வந்த மூன்றாவது குடும்பம். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

இதற்குப் பெயர் ஓசிடி: வேண்டாத எண்ணம் விடாமல் வந்து பயமுறுத்தும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். அது கை கழுவுவதோடு முடிவதில்லை. குழந்தையைக் குத்திவிடுவேனோ என்று பயந்து கத்தியை ஒளித்து வைக்கும் தாய், சன்னதியில் அசிங்கமான எண்ணம் வருகிறதென்று கோயிலையே விட்டுவிட்ட பெரியவர், எல்லாம் இதில் அடக்கம். அந்தத் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்க ஓடாதீர்கள். எண்ணத்தைக் கண்டு நடுங்குபவர் அவர்தான்.

என் கோபமெல்லாம் வீட்டாரின் பாசத்தின் மேல்தான். "கேஸை மூடினேனா?" "மூடிட்டே." பத்தாவது தடவையும் அதே பதில். ஆபீஸ் விட்டு வந்தவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றுகிறார், ஏடிஎம் நோட்டைக் கழுவிக் காயப்போடுகிறார். சண்டை வேண்டாமே என்றுதான். சரி, நிம்மதி வருகிறது, ஐந்து நிமிடத்துக்கு. 'கழுவியதால்தான் தப்பித்தோம்' என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கேட்கும். நீங்களும் கொடுப்பீர்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மோட்டாரை அணைத்து பாத்ரூமைப் பூட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. கேட்டைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது சிகிச்சையில் உண்டு. ஆனால் அவர் சம்மதத்தோடு, சுலபமானதில் தொடங்கி, படிப்படியாக.

மாத்திரைக்கும் பொறுமை வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவு பெரும்பாலும் கூடும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டு டாக்டரை மாற்றாதீர்கள். தோல் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: களிம்பு எழுதும் முன், ஒரு நாளைக்கு எத்தனை சோப்பு என்று கேளுங்கள்.

செலவுக்குப் பயந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டலடித்தே வளர்ந்த ஊர் இது, தெரியும். போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

"அவ கேட்டா நான் என்னதான் சொல்றது?" என்றார் கணவர்.

"'இதை உன் ஓசிடி கேக்குது, பதில் சொல்ல மாட்டேன், ஆனா கூடவே உட்கார்ந்திருக்கேன்'னு சொல்லுங்க."

அந்த அம்மா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "லாரி?"

"இப்போதைக்கு வாரம் ஒண்ணு."