கார்புரேட்டர், இன்ஜெக்டர்: மலையேறும் வண்டிக்கு இரண்டு சொற்கள்

கார்புரேட்டர் என்ற சொல்லுக்குள் இருப்பது கரி. லத்தீனில் ‘கார்போ’ என்றால் அடுப்புக்கரி. கார்பன் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கார்பனோடு சேர்ந்த பொருளைப் பழைய வேதியியலார் ‘கார்புரெட்’ என்றார்கள். இன்று கார்பைடு என்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் விளக்கெரிக்கப் பயன்பட்ட நிலக்கரி வாயுவில் நாஃப்தா என்ற எளிதில் ஆவியாகும் எண்ணெயின் ஆவியைக் கலந்து சுடரின் வெளிச்சத்தைக் கூட்டினார்கள். அந்த வேலைக்கும் அதே சொல்தான். பெட்ரோல் இன்ஜின் வந்ததும், காற்றில் பெட்ரோலை ஏற்றிவிடும் கருவிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நேராகப் பெயர்த்தால் ‘கரியேற்றி’. ஆனால் கரி ஏறுவது என்றால் பிளக்கில் கரி பிடிப்பது என்றுதான் நமக்குப் படும். அதனால் ‘எரிபொருள் கலப்பி’, சுருக்கமாகக் ‘கலப்பி’ என்பதே பொருந்தும். போடி, கம்பம், பூப்பாறை, மூணாறு பட்டறைகளில் ‘காப்ரேட்டர்’ என்கிறார்கள். அதிலும் தவறில்லை.

இன்ஜெக்‌ஷன் என்பதும் லத்தீன் வழிச் சொல். ‘உள்ளே எறிதல்’ என்று பொருள். தமிழில் ‘எரிபொருள் உட்செலுத்தல்’ என்று எழுதுகிறோம். பொருள் சரிதான், ஆனால் எப்படிச் செலுத்துகிறது என்பது அதில் இல்லை. இன்ஜெக்டரைப் ‘பீச்சி’ என்றால் அதுவும் வந்துவிடுகிறது. பீச்சாங்குழல் தெரிந்த எவருக்கும், அழுத்தம் கொடுத்துச் சிறு துளை வழியே வெளியேற்றுவது என்று உடனே விளங்கும். கலப்பியில் பெட்ரோலைக் காற்றோட்டம் உறிஞ்சி எடுக்கிறது. பீச்சியில் பம்ப் தள்ளுகிறது. மலையில் இரண்டு வண்டிகளும் வேறுவேறாக நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான்.

கலப்பியின் நடுவே வெஞ்சுரி என்ற குறுகிய கழுத்து இருக்கிறது. காற்று அங்கே வேகமெடுக்கும்போது அழுத்தம் குறையும். அந்தக் குறைவு கீழே பவுல் என்ற கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை ஜெட் என்ற துளையிட்ட சிறு திருகு வழியாக மேலே இழுக்கிறது. உள்ளே போகும் காற்று கனமானதா, மெலிந்ததா என்று கலப்பிக்குத் தெரியாது. போடி சுமார் 350 மீட்டர் உயரம், மூணாறு சுமார் 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை; அடர்த்தியின் வர்க்கமூலக் கணக்கில்தான் குறைகிறது. அதனால் கலவையில் பெட்ரோல் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடிவிடும். லடாக்கின் கார்துங் லா கணவாயில், 5,359 மீட்டரில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 58 விழுக்காடுதான். கீழே 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று எடையில் சரியாக வைத்த கலவை அங்கே 11-க்கு 1 என்ற அளவுக்கு வந்து நிற்கும்.

பெட்ரோல் மிகுந்ததை மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்றும் காற்று மிகுந்ததை ‘லீன்’ என்றும் சொல்கிறார்கள். தமிழில் செறிகலவை, மெலிகலவை எனலாம். செறிகலவையின் அடையாளம்: ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி விக்கும், சைலன்சரில் கரும்புகை வரும், பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கரி அப்பியிருக்கும். சரியான கலவையில் பிளக் வெளிர்பழுப்பு, மெலிகலவையில் வெள்ளை. மூணாறு மலையாளி மெக்கானிக் ‘வண்டி வலிக்குன்னில்ல’ என்றால் இழுவை இல்லை என்று பொருள். வலித்தல் தமிழிலும் இழுத்தல்தான். துடுப்பு வலிக்கிறோம் அல்லவா!

மூணாறு வரைக்கும் போய்த் திரும்ப ஜெட் மாற்ற வேண்டியதில்லை. கலவையைக் கூட்டிக் குறைக்கும் டியூனிங் ஸ்க்ரூவே போதும். ஆனால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். உள்ளே திருகினால் கலவை மெலியும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்தும். வெளியே திருகினால்தான் மெலியும். இதை மாற்றிச் செய்துவிட்டு வண்டியைக் குறை சொல்பவர்கள் பலர். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, ஐடில், அதாவது முறுக்காமல் விட்டபோது இன்ஜின் ஓடும் ஓட்டம், சீராக நிற்கும் இடத்தில் விடுங்கள். பாதி முறுக்கில் விக்கினால், ஜெட் வழியில் ஏறி இறங்கும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு காடி மேலே போடுங்கள். நீடில் அந்த அளவு கீழே இறங்கி, பெட்ரோல் வழியைக் குறுக்கும்.

முழு முறுக்கில் மட்டும் திணறினால் மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும். துளையின் விட்டத்தை எண்ணாகப் பொறித்த ஜெட்டில் 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். கடல்மட்டத்துக்கு 120 சரி என்றால், 1,500 மீட்டரிலேயே தங்கி ஓட்டுபவருக்கு 115 பொருந்தும்.

இறங்கும்போதுதான் ஆபத்து. மேலே மெலிய வைத்த கலவையோடு போடி வெயிலில் முழு வேகத்தில் போனால் இன்ஜின் கொதிக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் கூடும். எத்தனை சுற்று திருகினோம் என்பதைக் குறித்துவைத்து, இறங்கியதும் பழையபடி வைத்துவிட வேண்டும். செறிகலவையில் பிளக்தான் கெடும். மெலிகலவையில் இன்ஜினே போகும்.

உயரத்தோடு தொடர்பில்லாத இன்னொரு தொல்லையும் மலையில் உண்டு: கலப்பிக்குள் பனி உறைவது. வெளியே 10 டிகிரி, சுற்றிலும் மூடுபனி. பெட்ரோல் ஆவியாகும்போது கலப்பியின் கழுத்து மேலும் குளிர்ந்து, காற்றின் ஈரம் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது வண்டி காரணமில்லாமல் அணையும். பத்து நிமிடம் நிறுத்தினால் இன்ஜின் சூட்டில் பனி உருகிவிடும், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். இதை டியூனிங் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் தொட்டுவிடக் கூடாது.

பீச்சி வைத்த வண்டியில் இந்த வேலைகள் இல்லை. அழுத்த உணரி காற்றின் அழுத்தத்தையும், வெப்ப உணரி அதன் சூட்டையும் சொல்ல, வண்டியின் சிறு கணினியான கணிப்பகம் (இ.சி.யு.) பீச்சி எத்தனை மில்லிநொடி திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. சில வண்டிகளில் தனி வளிமண்டல உணரி கிடையாது. சாவி போட்ட கணத்தில் எடுத்த அளவையே பெரிதும் நம்பி ஓடும். நெடுந்தூரம் நிற்காமல் ஏறி வந்து ஐடில் தடுமாறினால், ஓரமாக நிறுத்திச் சாவியை அணைத்து, மறுபடி போட்டு, பம்ப் சத்தம் நின்றதும் ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பீச்சி கலவையைத்தான் சரிசெய்யும். இல்லாத காற்றைக் கொண்டுவராது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் 1 விழுக்காடு திறன் இந்த இரண்டு வகை வண்டியிலும் குறையும். ‘எஃப்.ஐ. (பீச்சி) வண்டி, மலையில் பவர் குறையாது’ என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

தார்ச்சாலையிலும் மண்தடத்திலும் ஓடும் வண்டிகளில், 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் முதலில் கலப்பியோடுதான் வந்தது. 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இரண்டு வகையிலும் கிடைத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகை வரம்பு விதி வந்தபின் புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே பீச்சிக்கு மாறிவிட்டன. மலையடிவாரத்திலிருந்து அடிக்கடி ஏறி இறங்குபவருக்குப் பீச்சியே நல்லது என்பேன். ஒரே உயரத்தில், எஸ்டேட் பாதையில் ஓட்டுபவருக்குக் கலப்பி இன்றும் கைகொடுக்கும். பவுலின் வடிகால் திருகைத் தளர்த்தி அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்கவும், ஜெட்டைக் கழற்றி ஊதவும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் சின்ன ஸ்பேனரும் போதும். ஜெட்டுக்குள் கம்பியை மட்டும் விடக் கூடாது, துளை பெரிதாகிவிடும். பீச்சி வண்டியில் பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் பம்ப் ஓடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாலும் நடக்காது. பெட்ரோல்தான் அந்தப் பம்பைக் குளிரவைக்கிறது. டேங்கை வற்றவிட்டு மலை ஏறாதீர்கள்.