வைரஸ் ஓட்டுக்குள் ஓர் ஒளிப்புள்ளி

சேலம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிறவர்களுக்குத் தேமல் நோயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலை மஞ்சள் திட்டு விழுந்து சுருளும், கிழங்கு சிறுத்துப்போகும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸின் வேலை. அந்த வைரஸுக்குள் இருப்பது கொஞ்சம் மரபுப்பொருள். சுற்றிலும் ஒரே புரதம் 110 முறை அடுக்கிய ஓடு. நீளம் 30 முதல் 40 நானோமீட்டர்தான் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு).

இப்படிப்பட்ட செடி வைரஸ் ஓடுகளை இன்று செல்லுக்குள் நடப்பதைப் பார்க்க விளக்கேற்றப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு எடுப்பது குச்சிக்கிழங்கு வைரஸை அல்ல. புல் வகைகளையும் தட்டைப்பயறையும் தாக்கும் உருண்டை வைரஸ்களை. அவற்றின் ஓட்டில் 180 புரதங்கள். கரைசலின் உப்பையும் அமிலத்தன்மையையும் மாற்றினால் ஓடு பிரிந்துவிடும். பழையபடி மாற்றினால் தானாகவே கூடும். 1960களிலேயே தெரிந்த சங்கதி இது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஓடு கூடும் விதம். புரதங்களின் உட்பக்க வால்களில் நேர்மின்னூட்டம், வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வில் எதிர்மின்னூட்டம். அந்த ஈர்ப்பில்தான் ஓடு கட்டப்படுகிறது. அப்படியானால் ஆர்.என்.ஏ.வுக்குப் பதில் எதிர்மின்னூட்டப் பூச்சுள்ள ஒரு துகளை வைத்தால்? அதைச் சுற்றியும் கட்டிக்கொள்கிறது! தங்கத் துகள்களை வைத்துப் பார்த்தபோது, துகள் சிறிதானால் ஓடும் சிறிதாகவே அமைந்தது.

ஒளிக்காக உள்ளே வைப்பது குவாண்டம் புள்ளி. பெரும்பாலும் காட்மியம் செலினைடு படிகம், சில நானோமீட்டர் அளவு. சிறியது நீலமாகவும் பெரியது சிவப்பாகவும் ஒளிரும். இதைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக மௌங்கி பாவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணச் சாயங்கள் வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் மங்கிவிடும். இது தாக்குப்பிடிக்கும்.

சரி, ஓடு எதற்கு? வெறும் புள்ளிகள் தண்ணீரில் திரண்டுவிடும், செல்லில் கண்ட இடத்தில் ஒட்டும். ஓட்டுக்குள் போனால் எல்லாம் ஒரே அளவு. வெளிப்புறத்தில் வேண்டிய மூலக்கூறை ஒட்டி, எந்தச் செல்லைத் தேட வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸின் ஓட்டுக்குள் புள்ளியை வைத்து, அது செல்லுக்குள் நுழையும் வழியையே பின்தொடர்ந்திருக்கிறார்கள். சாதாரண நுண்ணோக்கியில் 200 நானோமீட்டருக்குக் குறைந்த பொருளின் வடிவம் தெரியாது. ஆனால் ஒளிரும் புள்ளியின் மையத்தை அதைவிடத் துல்லியமாகக் குறிக்க முடியும். படத்துக்குப் படம் அது எங்கே நகர்ந்தது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

காட்மியம் நஞ்சு என்பதால் இதெல்லாம் ஆய்வகத்தோடு நிற்கிறது. அதனால்தான் காட்மியம் இல்லாத இண்டியம் பாஸ்பைடு புள்ளிகளில் இப்போது இவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள்.