தண்ணீரைவிட லேசான பீர்

கலிபோர்னியாவில் வசிக்கும் வாசகர் ஒருவர், வீட்டில் பீர் தயாரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர், இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். 'புரூட் ஐபிஏ' என்ற வகையை அவர் தயாரித்துப் பார்த்திருக்கிறார் (ஐபிஏ, அதாவது 'இந்தியா பேல் ஏல்', கசப்பும் மணமும் மிகுந்த ஒரு பீர் வகை). நொதித்தல் முடிந்தபின், பானத்தில் மிதக்கவிட்டு அளவு பார்க்கும் கருவியான ஹைட்ரோமீட்டர் 0.998 காட்டுகிறது. தண்ணீருக்கே 1.000 என்னும்போது, இத்தனை பொருள்கள் கரைந்த ஒரு பானம் அதற்குக் கீழே இறங்குவது எப்படி, கருவி கெட்டுவிட்டதா என்பது முதல் கேள்வி. சர்க்கரை அனைத்தும் தீர்ந்துவிட்டதென்றால், குடித்துப் பார்த்தவர்களில் பாதிப்பேர் லேசாக இனிக்கிறது என்று சொல்வது ஏன் என்பது இரண்டாவது. (அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்திற்குப் பிறகு சொந்தப் பயன்பாட்டிற்காக வீட்டில் பீர் தயாரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம். இங்குள்ள வாசகர்கள் இக்கட்டுரையை வேதியியலாக மட்டும் படிக்கவும்.)

புரூட் ஐபிஏ மிக இளைய வகை. சான் பிரான்சிஸ்கோவின் சோஷியல் கிச்சன் என்ற சிறு மதுவாலையில் கிம் ஸ்டர்டெவன்ட் 2017-இல் அதை உருவாக்கினார். கனமான, மதுச்செறிவு மிகுந்த பீர்களின் திகட்டலைக் குறைக்க அவர் ஏற்கெனவே பயன்படுத்திவந்த ஒரு நொதியைச் சாதாரண ஐபிஏ-வில் சேர்த்துப் பார்த்ததன் விளைவு அது. இனிப்பு குறைந்த ஷாம்பேன் வகையான 'புரூட்' என்பதன் பெயரே இதற்கும் வந்தது. அந்த நொதியின் பெயர் அமைலோகுளுகோசிடேஸ். இதே நொதியைக் கொண்டு 1967-இல் ஜோசப் ஓவேட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் நியூயார்க்கின் ரைன்கோல்டு நிறுவனத்தில் கலோரி குறைந்த பீரைத் தயாரித்தார். பின்னாளில் வந்த 'லைட்' பீர்களுக்கெல்லாம் மூதாதை அதுதான். கைவினை பீர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஏளனம் செய்த லைட் பீரின் நொதி, அரை நூற்றாண்டு கழித்து அவர்களுடைய புது மோகத்தின் மூலப்பொருளானது எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை.

தயாரிப்பின் பொதுவான படிகளை விரைவாகக் கடந்துவிடலாம். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையாகிய மால்ட்டை உடைத்து, சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்தால், முளைவிடும்போது தானியத்தில் உருவான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. வடித்தெடுத்த இனிப்பு நீரை, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்க்கிறோம். ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. புரூட் ஐபிஏ-வுக்கு வெளிர்நிற மால்ட்டும், அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அரிசி அல்லது மக்காச்சோள அவலும் போதும். நிறமும் கேரமல் சுவையும் தரும் மால்ட்டுகளுக்கு இதில் இடமில்லை.

ஈஸ்ட் எல்லாச் சர்க்கரைகளையும் உண்பதில்லை. ஒற்றை குளுகோஸ், இரண்டு குளுகோஸ் சேர்ந்த மால்ட்டோஸ், மூன்று சேர்ந்த மால்ட்டோட்ரையோஸ் ஆகியவற்றையே பீர் ஈஸ்ட்டால் செல்லுக்குள் எடுத்துக்கொள்ள முடியும். அதற்கு மேற்பட்ட நீளமுள்ள டெக்ஸ்ட்ரின்கள் கடைசிவரை பீரிலேயே தங்கிவிடுகின்றன. கரைந்துள்ள மாவுப்பொருளில் ஏறத்தாழக் கால்பங்கு இப்படித் தங்குவதால்தான் சாதாரண பீருக்கு ஒரு கொழுமை கிடைக்கிறது. மால்ட்டின் நொதிகள் இவ்வளவு திறமையாக வேலை செய்தும் இந்தக் கால்பங்கு ஏன் தப்பிக்கிறது?

விடை மாவுச்சத்தின் கிளைகளில் இருக்கிறது. குளுகோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன் அணுக்கள் உண்டு. ஒரு குளுகோஸின் முதல் கார்பன் அடுத்ததன் நான்காம் கார்பனுடன் இணைந்தால் நேரான சங்கிலி வளரும். இருபது, இருபத்தைந்து குளுகோஸுக்கு ஒருமுறை, முதல் கார்பன் இன்னொன்றின் ஆறாம் கார்பனுடன் இணைந்துவிடுகிறது. அந்த இடத்தில் சங்கிலி கிளைவிடுகிறது. வாற்கோதுமை மாவுச்சத்தின் பெரும்பகுதியான அமைலோபெக்டின் இவ்வாறு கிளைத்துக் கிளைத்து வளர்ந்த ஒரு பெருமூலக்கூறு. மால்ட்டின் பீட்டா-அமைலேஸ், முருங்கைக் கீரை ஆய்பவர் ஈர்க்கின் நுனியிலிருந்து உருவிக்கொண்டு வருவதைப்போல, சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுகோஸாக மால்ட்டோஸைக் கழற்றிக்கொண்டே வந்து, கிளை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. ஆல்பா-அமைலேஸ் சங்கிலியை நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டும் என்றாலும், கிளையின் கணுவை அதனாலும் தொட முடியாது. கணுவை வெட்டக்கூடிய மூன்றாவது நொதி ஒன்று மால்ட்டில் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு வேறொரு புரதத்தால் முடக்கப்பட்டிருக்கிறது, எஞ்சியதும் ஊறவைக்கும் வெப்பத்தில் விரைவில் செயலிழக்கிறது. ஆகவே ஒன்று-ஆறு பிணைப்பைச் சுற்றி நான்கைந்து குளுகோஸ் ஒட்டிய சிறு கணுக்கள் மீந்துவிடுகின்றன.

ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற பூஞ்சை சுரக்கும் அமைலோகுளுகோசிடேஸ் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் விதம் அழகானது. ஆல்பா-அமைலேஸின் செயல்மையம், அதாவது வெட்டும் வேலை நடக்கும் இடம், இருபுறமும் திறந்த ஒரு பள்ளம். நீண்ட சங்கிலி அதன் குறுக்கே படுத்துக்கொள்ள முடியும். அமைலோகுளுகோசிடேஸின் செயல்மையமோ அடி மூடிய ஒரு குழி. சங்கிலியின் நுனிக் குளுகோஸ் மட்டும் தலைகீழாக அந்தக் குழிக்குள் இறங்குகிறது. குழிக்குள் எதிரெதிரே இரண்டு குளுட்டாமிக் அமில அலகுகள் காத்திருக்கின்றன. ஒன்று பிணைப்பிலுள்ள ஆக்சிஜனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்து அதைத் தளர்த்துகிறது. மற்றொன்று ஒரு நீர் மூலக்கூறிலிருந்து புரோட்டானைப் பறித்து, அந்த நீரை எதிர்ப்பக்கத்திலிருந்து குளுகோஸின் முதல் கார்பன்மேல் ஏவுகிறது. பிணைப்பு அறுபடும் கணத்தில் கார்பனின் அமைப்பு மறுபக்கம் புரண்டுவிடுவதால், ஆல்பா வடிவில் கட்டுண்டிருந்த குளுகோஸ் பீட்டா வடிவில் விடுபடுகிறது. அது குழியைவிட்டு வெளியேறினால்தான் அடுத்தது உள்ளே வரமுடியும். ஆகவே இந்நொதிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. குழியின் பிடி நுனிக் குளுகோஸின்மேல் இருப்பதால், அதற்கு அடுத்தது நான்காம் கார்பன் வழியாக ஒட்டியிருக்கிறதா, ஆறாம் கார்பன் வழியாகவா என்பதில் அது மால்ட்டின் நொதிகளைப்போல் கண்டிப்பு காட்டுவதில்லை. ஒன்று-ஆறு பிணைப்பை வெட்ட அதற்குப் பல மடங்கு கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நொதித்தல் நடக்கும் பாத்திரத்தில் அதற்கு நாட்கணக்கில் நேரம் இருக்கிறது.

நொதியை 'கெமிக்கல்' என்று அஞ்சி ஒதுக்குவோர் வீட்டு மதுவாக்கத்திலும் உண்டு. நம் வாயில் ஊறும் உமிழ்நீரிலேயே அமைலேஸ் இருப்பதை அவர்கள் கருதிப்பார்க்கலாம். எப்போது சேர்ப்பது என்பதே அறிவார்ந்த கேள்வி. வெந்நீரில் ஊறும் கட்டத்தில் சேர்த்தால் நொதி வேகமாக வேலை செய்யும், பின்னர் வரும் கொதி அதை அழித்துவிடும் என்பதால் அச்சமில்லை. ஆனால் தொடக்கத்திலேயே குளுகோஸ் மிகுந்துவிட்டால், ஈஸ்ட் மால்ட்டோஸை உள்ளே எடுக்கும் ஏற்பாடுகளை ஒத்திப்போடும், நொதித்தல் பாதியில் சோம்பிவிடக்கூடும். ஈஸ்ட்டுடன் சேர்த்தே போட்டால் குளுகோஸ் சிறுகச்சிறுக விடுபட்டு உடனுக்குடன் செலவாகும், சர்க்கரை எஞ்சாத வறட்சியும் முழுமையாக அமையும். ஆனால் அப்போது நொதி புட்டிக்குள்ளும் உயிர்ப்புடன் இருக்கும். நான் இரண்டாவது வழியின் பக்கம், பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

இனி 0.998. ஹைட்ரோமீட்டர் சர்க்கரையை அளப்பதில்லை, அடர்த்தியை அளக்கிறது. எத்தனாலின் அடர்த்தி 0.789. நொதித்தலின்போது கனமான சர்க்கரை மறைவது மட்டுமல்லாமல், தண்ணீரைவிட லேசான ஒரு திரவம் அதனிடத்தில் சேர்கிறது. ஆகவே கருவி கெடவில்லை. உண்மையில் எவ்வளவு பொருள் எஞ்சியிருக்கிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டில் பிராகாவின் வேதியியலாளர் கார்ல் பாலிங் வகுத்த உறவிலிருந்து கணக்கிடலாம். 1.048-இல் தொடங்கிய பீர் வழக்கம்போல் 1.010-இல் நின்றிருந்தால், 100 கிராமில் சுமார் 4.2 கிராம் கரைபொருள் எஞ்சியிருக்கும். 0.998 வரை இறங்கியதில் சுமார் 1.7 கிராம் இருக்கும், மதுச்செறிவு 6.5 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். அந்த 1.7 கிராமில் புரதத் துணுக்குகள், கிளிசரால், கரிம அமிலங்கள், தாது உப்புகள், மாவுச்சத்தல்லாத பிசின்கள் ஆகியவையே பெரும்பாலும் அடங்கும்.

ஹாப்புக்கு வருவோம். ஹாப்பின் ஆல்பா அமிலங்கள் கொதியில் உருமாறி கசப்புத் தருகின்றன. கசப்பைச் சமன்செய்யக் கொழுமை இல்லாத பீரில் வழக்கமான ஐபிஏ-வின் கசப்பை ஏற்றினால் நாக்கில் உறைக்கும். எனவே கசப்பை 20 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) அளவில் நிறுத்தி, பெரும்பகுதி ஹாப்பை, அடுப்பணைத்து 80 டிகிரிக்கு இறங்கிய பின்பும், நொதித்தல் அடங்கும் தறுவாயிலும் சேர்ப்பது நல்லது. மணம் தரும் எண்ணெய்கள் ஆவியாகாமல் தங்கும். வெள்ளை ஒயினின் மணத்தை நினைவூட்டும் நியூசிலாந்தின் நெல்சன் சோவின் ஹாப் இவ்வகைக்குப் பொருத்தமானது. ஈஸ்ட்டும் சும்மா இருப்பதில்லை. ரோஜா மணமுள்ள ஜெரானியோலை எலுமிச்சை சாயலுள்ள சிட்ரோனெல்லோலாக மாற்றிக்கொடுக்கிறது.

கொதிக்கவைக்காத ஹாப் மணத்தோடு இன்னொன்றையும் கொண்டுவருகிறது. அதன் இலைத்தூளில் டெக்ஸ்ட்ரினை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. இதை 1893-லேயே ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மோரிஸும் இங்கிலாந்தில் ஆராய்ந்து எழுதினர். ஹாப்பை அளவின்றிக் கொட்டும் பீர்கள் பரவி, அடைத்த கலன்களில் நொதித்தல் மீண்டும் தொடங்கிச் சிக்கல் ஆனபோதுதான் அந்தச் செய்திக்கு மறுவாழ்வு வந்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கர்க்பேட்ரிக், ஷெல்ஹாமர் ஆகியோர் காஸ்கேட் ஹாப்பில் அந்நொதிகளுக்கான சான்றை 2018-இல் வெளியிட்டனர். உடனடிப் பயன் என்ன என்று கேட்டே பணம் தரும் நிதிக்குழுக்கள் கவனிக்க வேண்டிய கதை இது. சோரென்சன் 1909-இல் பிஎச் அளவீட்டைத் தந்தது கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான், கோசெட் 1908-இல் சிறு மாதிரிகளுக்கான புள்ளியியலைத் தந்தது கின்னஸ் பீர் நிறுவன ஊழியராக இருந்தபோதுதான். பீர் விற்ற பணம் அடிப்படை அறிவியலுக்குச் சென்ற காலம் ஒன்று இருந்திருக்கிறது.

நொதி உயிர்ப்புடன் இருக்கும் பீரைப் புட்டியில் அடைப்பதில் கவனம் வேண்டும். லிட்டருக்கு 4 கிராம் குளுகோஸ் நொதித்தால், பீரின் கொள்ளளவுக்குச் சமமான ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். சாதாரண பீரில் இருப்பதே இரண்டரைப் பங்கு. ஹைட்ரோமீட்டர் அளவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது அடைத்துவிட்டால், 0.001 இறக்கத்துக்கு ஏறத்தாழ அரைப்பங்கு வீதம் வாயு சேர்ந்து, 0.010 இறங்குவதற்குள் புட்டி வெடிக்கும். சில நாட்கள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாதிருப்பதை உறுதிசெய்யாமல் மூடியைத் தொடவே கூடாது. மறுநொதித்தலின்போது ஈஸ்ட் வெளியிடும் ஒரு சேர்மம் டைஅசெட்டைலாக மாறி வெண்ணெய் மணம் தரும் என்பதால், ஒரு மாதிரியை 60 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து ஆற்றி முகர்ந்து பார்ப்பதும் நல்லது. வெண்ணெய் மணந்தால் ஈஸ்ட் அதைத் திரும்ப உட்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும்.

வாசகரின் இரண்டாம் கேள்விக்கு விடை நாக்கிலும் மூக்கிலும் பிரிந்து கிடக்கிறது. எத்தனாலுக்கே மெல்லிய இனிப்பு உண்டு, கிளிசராலுக்கும் உண்டு. ஹாப்பின் பழமணம் தொண்டை வழியாக மூக்கை எட்டும்போது, பழமென்றால் இனிப்பு என்று பழகிய மூளை இல்லாத இனிப்பைக் கூட்டிக்கொள்கிறது. டெக்ஸ்ட்ரின்களோ உண்மையில் அதிகம் இனிப்பதில்லை. அப்படியானால் அவற்றை நீக்கியதை நண்பர்கள் உணர்கிறார்களா என்பதே சோதிக்கத்தக்கது. பெயரைச் சொல்லிக் கிண்ணத்தில் ஊற்றி 'எப்படி இருக்கிறது' என்று கேட்பது சோதனை ஆகாது. 1940-களில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் உருப்பெற்ற முக்கோணச் சோதனை இதற்கு ஏற்றது. மூன்று ஒளிபுகாக் குவளைகளில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு பீர். வேறானதைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் நொதி சேர்த்த பீரையும் சேர்க்காததையும் அப்படியே ஒப்பிட்டால் மதுச்செறிவும் வேறுபடும், எதனால் வித்தியாசம் தெரிந்தது என்று சொல்ல முடியாது. புரூட் ஐபிஏ-வையே இரண்டாகப் பிரித்து, ஒன்றில் லிட்டருக்கு 25 கிராம் வீதம், இனிப்பு மிகக் குறைந்த மால்ட்டோடெக்ஸ்ட்ரின் மாவைச் சிறிது நீரில் கரைத்துக் கலக்கி, மற்றதில் அதே அளவு வெறும் நீரை ஊற்றி அதேபோலக் கலக்குவது என் யோசனை. பாலிங் கணக்கில் கண்ட இடைவெளியும் அந்த 25 கிராம்தான். பரிமாறுவதற்குச் சற்று முன்பே கலக்க வேண்டும். முன்னதாகவே கலந்து வைத்தால் பீரிலுள்ள நொதி சோதனைப் பொருளையே தின்றுவிடும். பன்னிரண்டு பேரில் வெறும் ஊகத்தாலேயே நான்கு பேர் சரியாகச் சொல்வார்கள் என்பதால், எட்டுப் பேராவது சரியாகக் கண்டால்தான் வித்தியாசம் உணரப்படுகிறது என்று ஏற்கலாம். ஆறு பேர்தான் கிடைத்தார்கள் என்றால் ஐந்து பேர் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கை எட்டப்படாவிட்டால் 0.998-ஐத் துரத்துவதைவிட ஹாப் தேர்வில் நேரத்தைச் செலவிடலாம் என்பது என் கருத்து.

இன்னொன்று: இந்தப் பாத்திரத்தின் அடியில் படிந்த ஈஸ்ட்டைச் சிக்கனம் கருதி அடுத்த தயாரிப்புக்கு எடுக்க வேண்டாம். அதனுடன் நொதியும் ஒட்டிக்கொண்டு வரும், கொழுமைக்காகவே தயாரிக்கப்படும் கருநிற பீரான ஸ்டவுட்டையும் அது 1.000-க்கு அருகே இழுத்துக்கொண்டு போய்விடும்.