முகச்சாடியா, குணச்சித்திரக் குவளையா?

இங்கிலாந்துப் பீங்கான் பற்றிய தமிழ்க் குறிப்பொன்றில் ‘கேரக்டர் ஜக்’ என்பதற்கு நேற்று மறுபடியும் ‘குணச்சித்திரக் குவளை’ என்ற மொழிபெயர்ப்பு கண்ணில் பட்டது. இது மூன்றாவது முறை. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் குயவர்கள் 1760களில் ‘டோபி ஜக்’ செய்யத் தொடங்கினார்கள். ஜக்கே ஓர் ஆள் வடிவம்: மும்முனைத் தொப்பி போட்ட குடிகாரர் கையில் மதுவோடு உட்கார்ந்திருப்பார். தொப்பி முனை வழியாக ஊற்றலாம். 1761இல் வந்த குடிப்பாட்டு ஒன்றில் வரும் டோபி ஃபில்பாட் என்ற குடிகாரரிடமிருந்து பெயர் வந்தது என்பார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் குடிகாரர் சர் டோபி பெல்ச்சிடமிருந்து என்பாரும் உண்டு. 1934இல் ராயல் டோல்டன் பீங்கான் நிறுவனத்தின் சார்ல்ஸ் நோக் உடலை விட்டுவிட்டு, தலையும் தோளும் மட்டும் வைத்து ‘ஜான் பார்லிகார்ன்’ ஜக்கைக் கொண்டுவந்தார். அதுதான் ‘கேரக்டர் ஜக்’.

கேரக்டர் என்றதும் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் குணச்சித்திர நடிகர்தான் நினைவுக்கு வருகிறார். பொருளைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். கிரேக்கத்தில் அச்சுப் பொறிக்கும் கருவியைக் குறித்த சொல் அது. பொறித்த அடையாளம், குணம் என்று நகர்ந்து, கதையில் வரும் ஆள் என்பதுவரை வந்தது. இங்கே வேண்டியது அந்த ஆள். ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவலில் வரும் லாங் ஜான் சில்வரின் ஜக்கைப் பாருங்கள்: கடற்கொள்ளையனின் முகம், கைப்பிடியாக அவனுடைய கிளி. கிளியைக் கண்டதுமே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. குணத்தை யார் கேட்டார்கள்? ஜான் பார்லிகார்னோ மனிதரே அல்ல, வாற்கோதுமை மதுவுக்குக் கொடுத்த ஆளுருவம்.

‘கதாபாத்திரக் குவளை’ என்பவர்கள் பொருளுக்குக் கொஞ்சம் நெருங்குகிறார்கள். ஆனால் பாத்திரம் என்றால் நமக்கு ஏனமும்தான். பக்கத்தில் குவளையும் சேர்ந்தால் அடுக்களைச் சாமான் பட்டியலாகிவிடுகிறது.

அந்தக் குவளையும் தப்பு. குவளையில் குடிப்போம், ஜக்கிலிருந்து ஊற்றுவோம். கெண்டிக்கு நீண்ட மூக்கு உண்டு, இதற்கு வளைந்த உதடுதான். கூஜாவுக்கு மூடி வேண்டும். எனக்குப் பிடித்தது ‘முகச்சாடி’. சாடிக்கு ஊற்றுவாய் கிடையாதே என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் ஊறுகாய்ச் சாடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பீங்கானும் அதன் மெருகும் சொல்லாமலே மனதில் வந்துவிடும். முகச்சாடை என்ற சொல்லும் காதில் ஒலிக்கும். அதுவும் பிடிக்காவிட்டால் ‘முக ஜக்’ என்றே எழுதுங்கள். தண்ணீர் ஜக் இல்லாத வீடு ஏது?

முழு உடலோடு உட்கார்ந்திருக்கும் டோபிக்கு இந்தப் பெயர் ஆகாது. அதை ‘ஆள்சாடி’ என்று பிரித்தே சொல்ல வேண்டும். நேற்றைய குறிப்பில் இரண்டுக்கும் ஒரே பெயர்.